ஈரத்துண்டும் உச்சிக்கிளையும்

பல் டாக்டருக்குப் பாட்டு வரும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான்: அவள் வீட்டுக் குளியலறை. அங்கேயும் சும்மா வந்துவிடாது. முதலில் குழாயை முழுசாகத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் வாளியில் தடதடவென்று விழ ஆரம்பித்த பிறகுதான், அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் குரல் மெல்ல வெளியே வரும். வாளி நிரம்பி வழிந்தால் பாட்டும் நின்றுவிடும்.

இதற்குக் காரணம் அவளுடைய சித்தப்பா. கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா கல்யாணத்தில் எல்லாரும் வற்புறுத்தியதால் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடினாள். முதல் அடியை முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து சித்தப்பா, "பாப்பா இப்பவே பல்லு ராவுற மெஷினை ஓட்டிப் பழகுது பாரு!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து, வந்த சொந்தம் வராத சொந்தம் எல்லாருக்கும் அனுப்பிவைத்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட 'மெஷின் பாப்பா' என்ற பட்டம், அவளுக்குக் கல்யாணமாகி, சொந்தமாகக் கிளினிக் வைத்து, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் உதிரவில்லை.

அதனால்தான் அவள் 'வாளி'யைத் தொடங்கினாள்.

வாளி என்பது ஒரு குழு. போன் எண் தெரியாமல், புனைபெயரில் பேசிக்கொள்ள வழியிருக்கிற ஒரு செயலியில் குளியலறைப் பாடகர்களுக்கென்று அவள் ஆரம்பித்தது. சேருகிறவர்கள் ஒரு பெயர் வைத்துக்கொண்டு, பாடிப் பதிவு செய்து போடலாம். கேட்டவர்கள் பாராட்டலாம், பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம். சொந்தப் பெயரையோ ஊரையோ போன் எண்ணையோ யார் எழுதினாலும் அந்த நிமிடமே நீக்கப்படும். இந்த விதியைப் போட்டவளும் அவள்தான், காவல் காப்பவளும் அவள்தான். நாற்பது பேர் போலச் சேர்ந்திருந்தார்கள். நுரை, பக்கெட் ராணி, அரைத்தூக்கம், கொசுவலை என்று ஆளுக்கொரு பெயர். அவள் பெயர் ஈரத்துண்டு.

யார் எவர் என்று ஒருவருக்கொருவர் தெரியாததால் எல்லாரும் வெட்கம் கெட்டுப் பாடினார்கள். சுருதி ஒரு பக்கம் போகும், தாளம் இன்னொரு பக்கம் போகும், ஆனாலும் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். டாக்டர் காலையில் ஒரு பாட்டுப் போட்டுவிட்டுக் கிளினிக்குக் கிளம்பினால், அன்றைக்கு எப்பேர்ப்பட்ட சொத்தைப் பல்லும் அவளுக்கு அல்வாத் துண்டுதான்.

அந்தக் கூட்டத்தில் அவளுக்குத் தனிப் பிடித்தம் உச்சிக்கிளை என்பவர் மேல். கனமான ஆண்குரல். அவர் பாட்டுக்குப் பின்னால் எப்போதும் காற்று வீசும். இடையிடையே 'பீப் பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். "உங்க பாத்ரூமுக்குக் கூரையே இல்லையா?" என்று பக்கெட் ராணி ஒருதரம் கேட்டதற்கு, "கூரை இருக்கு. தரைதான் கொஞ்சம் தூரத்துல இருக்கு" என்று பதில் எழுதினார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. விதி இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

ஒரு நாள் ஈரத்துண்டு, வார்த்தையே இல்லாமல் தானாக வாயில் வந்த ஒரு மெட்டைத் தன்னன்னா போட்டுப் பாடிப் பதிவிட்டாள். பாதியில் வாளி நிரம்பிவிட்டதால் நிறுத்திவிட்டாள். மறுநாள் உச்சிக்கிளை மீதிப் பாதியைப் பாடி அனுப்பியிருந்தார். அடியின் முடிவில் குரலை மேலே ஏற்றி, உச்சியில் கொஞ்சம் நிறுத்தி, சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவது போல் வழுக்கி இறக்கியிருந்தார். அவள் அதற்குப் பதில் பாட, அவர் அதற்கு எதிர்ப்பதில் பாட, அந்த மெட்டு வளர்ந்துகொண்டே போனது. குழுவில் அதற்குக் 'குழாய்ப் பாட்டு' என்று பெயரே விழுந்துவிட்டது. எல்லாரும் பாடிப் பார்த்தார்கள். அந்தச் சறுக்கு மட்டும் வேறு ஒருத்தருக்கும் வரவில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று உச்சிக்கிளையைக் காணவில்லை. பாட்டும் இல்லை, எழுத்தும் இல்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்தார்கள். ஒரு வாரம் போய் இன்னொரு வாரமும் போனதும் பக்கெட் ராணி, "உச்சி, உயிரோட இருக்கீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். பதில் வராமல் போகவே அந்த விளையாட்டே எல்லாருக்கும் பயமாகிவிட்டது. சமயம் பார்த்திருந்த கொசுவலை பிடித்துக்கொண்டார். கொசுவலை பாடுவது தாலாட்டு; ஆனால் எழுதுவது அத்தனையும் உத்தரவு மாதிரி இருக்கும்.

"நான் ஆரம்பத்துலேருந்து தலைப்பாடா அடிச்சிக்கிறேன். ஆளுக்கொரு நம்பர் குடுத்து வெச்சிருந்தா இந்நேரம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒருத்தர் விழுந்து கெடந்தாக்கூட நமக்குத் தெரியாது. இதெல்லாம் ஒரு குழுவா?"

"நம்பர் குடுத்தா மறுநாளே பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்ப ஆரம்பிப்பீங்க" என்றார் நுரை.

"பேர் தெரிஞ்சா எனக்குத் தொண்டை அடைச்சிக்கும். அப்புறம் என்னை விட்டுடுங்க" என்றார் அரைத்தூக்கம்.

குழு இரண்டாகப் பிளந்தது. பாடுவதை விட்டுவிட்டு எல்லாரும் வழக்காட ஆரம்பித்தார்கள். ஈரத்துண்டு, "விதி விதிதான்" என்று கறாராக எழுதிவிட்டாள். எழுதிவிட்டாளே தவிர உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கொசுவலை சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தனை நாள் தினம் கேட்ட குரல். அதற்கு என்ன ஆயிற்று என்று யாரைப் போய்க் கேட்பது?

"என்ன, தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்க?" என்றான் அவள் கணவன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்.

"ஒருத்தரைக் காணோங்க."

"யாரை?"

"தெரியாது."

"பேரு?"

"தெரியாது."

"எந்த ஊரு, என்ன வயசு, ஏதாவது?"

"எதுவும் தெரியாது."

"அப்புறம் காணோம்னு எப்படித் தெரியும்?"

"பாட்டு வரல."

அவன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தான். "போலீசுக்குப் போறதா இருந்தா சொல்லு. நான் வரல" என்றான்.

அந்த வாரம்தான் கிளினிக்குக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருப்பவரைப் பெரியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முன்மேசையையும் அவரே கவனிப்பார், உள்ளே கருவியும் அவரே எடுத்துக்கொடுப்பார். எந்த நோயாளி பயத்தில் எழுந்து ஓடப்பார்க்கிறான் என்பது அவர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் கதவைத் திறந்து, "டாக்டர், ஒரு ஆளு, ஒரு வாயி. ஆனா ரெண்டும் வேற வேற எடத்துல இருக்கு" என்றார்.

உள்ளே வந்தவர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கன்னத்தில் எலுமிச்சம்பழத்தை அடக்கி வைத்தவர் போல ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பின்னாலேயே, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒல்லியான ஒரு இளைஞன்.

"வணக்கம் டாக்டர். அண்ணனால வாயைத் தொறக்க முடியல. நான்தான் அவருக்கு வாய்" என்றான் ஒல்லியானவன். "இவரு டவர் கிரேன் ஓட்டுறவரு. நான் கீழ நின்னு வாக்கி டாக்கியில சொல்லுவேன், அவரு மேல இருந்து பதில் சொல்லுவாரு. கொஞ்ச நாளா அவரு பேசுறது எனக்குக் கொழகொழன்னு கேட்டுது. 'நிறுத்து'ங்கறாரா 'இறக்கு'ங்கறாரான்னே புரியல. இதுக்கு மேல தாங்காதுன்னு நான்தான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லி இவரை எறக்குனேன்."

"இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று டாக்டர் கேட்டாள்.

வீங்கிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயம் டாக்டர்" என்றான் தம்பி. "அவ்வளவு உசரத்துல காத்துல ஆடுற கூண்டுல உக்காந்து வேலை பாக்குறவரு. ஆனா உங்க நாற்காலின்னா நடுக்கம். வலி மாத்திரையப் போட்டுப் போட்டே ஓட்டிட்டாரு."

வாய் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. வீக்கம் வடிய மாத்திரை எழுதிக்கொடுத்து, அதன்பிறகு வந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்பினாள். போகும்போது அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீக்கம் வடிந்து மறுபடி வந்தபோது தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார். நாற்காலியில் சாய்ந்தவுடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மரத்துப்போகிற ஊசி போட்டாயிற்று. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பெரியக்கா உதட்டோரம் மாட்டிவிட்டார். டாக்டர் முகமூடியை ஏற்றிக்கொண்டு மெஷினை ஓட்டினாள்.

சிலர் பயத்தில் நாற்காலிக் கையைப் பிடிப்பார்கள், சிலர் கால்விரலை மடக்குவார்கள். இந்த மனிதர் முனக ஆரம்பித்தார். வாய் நிறையக் கருவி இருந்ததால் மூக்கு வழியாகத்தான் அந்தச் சத்தம் வந்தது. வலிக்கிறதோ என்று டாக்டர் மெஷினை நிறுத்தினாள். முனகல் நிற்கவில்லை. அது முனகலும் இல்லை, ஒரு மெட்டு. தன்னன்னா தன்னன்னா என்று போய், மேலே ஏறி, உச்சியில் நின்று, வழுக்கி இறங்கியது.

டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சறுக்கு உலகத்தில் ஒருவருக்குத்தான் வரும். டவர் கிரேன், காற்று, பீப் பீப், தூரத்திலே இருக்கிற தரை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவள் மண்டைக்குள் அடுக்கிக்கொண்டன. வந்த சந்தோஷத்தில் அவள் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், மெஷினை மறுபடி ஓட்டிக்கொண்டே, முகமூடிக்குள்ளிருந்து அடுத்த அடியை எடுத்துவிட்டாள். தினமும் அவள்தானே பதில் பாடுவாள்!

நாற்காலியில் இருந்தவரின் கண்கள் பட்டென்று திறந்தன.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் வாயில் மூன்று கருவி. அவள் வாயில் முகமூடி. பேச வழியில்லை.

"வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். கண்ணோரத்தில் சிரிப்பா, கண்ணீரா, மருந்து வேகமா என்று சொல்ல முடியாதபடி ஏதோ ஒன்று மினுங்கியது. மிச்ச நேரம் முழுக்க இரண்டு பேரும் பல்லைப் பற்றி மட்டுமே யோசிப்பவர்கள் போல நடித்தார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அவர் போனதும் பெரியக்கா கருவிகளைக் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு ரேடியோவுக்குத் துணைக்கு ஆள் கெடைச்சிடுச்சு போல" என்றார்.

"என்ன ரேடியோ?"

"நீங்கதான். முகமூடி போட்டுட்டா வெளிய கேக்காதுன்னா நெனச்சீங்க? வரிசையில உக்காந்திருக்கவங்க ரேடியோன்னு நெனச்சிக்கிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லி என்கிட்ட கேப்பாங்க. நான் 'அது ஏத்த முடியாத ரேடியோ'ன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

டாக்டருக்கு முகம் சிவந்துபோனது. குளியலறையில் மட்டும்தான் தனக்குப் பாட்டு வரும் என்று நினைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

பிரச்சினை அன்று சாயங்காலம் ஆரம்பித்தது. கொசுவலை ஒரு பெரிய கண்டுபிடிப்போடு குழுவில் வந்து நின்றார். உச்சிக்கிளையின் பாட்டையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அந்த பீப் சத்தம் கிரேன் திரும்பும்போது வருகிற எச்சரிக்கைச் சத்தமாம். "அவர் கிரேன் ஓட்டுபவர். உயரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. எல்லாரும் அவரவர் ஊரைச் சொல்லுங்கள். பக்கத்தில் எங்கெல்லாம் கிரேன் நிற்கிறதோ அங்கெல்லாம் போய் விசாரிக்கலாம்" என்று எழுதியிருந்தார். பயத்தில் இரண்டு மூன்று பேர் ஊரைச் சொல்லவும் தொடங்கிவிட்டார்கள்.

டாக்டர் அவற்றை அவசர அவசரமாக நீக்கினாள். ஆனால் இவர்கள் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? டாக்டராகவும் வாய் திறக்கக் கூடாது, குழுவுக்குக் காவல்காரியாகவும் வாய் திறக்கக் கூடாது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு சோதனை. கடைசியில் மனசு கேட்காமல், "உச்சிக்கிளை நலமாக இருக்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்" என்று எழுதிவிட்டாள்.

நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்று நினைத்தாள். குழு தீப்பிடித்ததுதான் மிச்சம்.

"அப்போ உங்ககிட்ட அவரு விவரம் இருக்கு!"

"எங்க எல்லாரோட விவரமும் வெச்சிருக்கீங்களா?"

"எங்களுக்கு மட்டும் விதி, உங்களுக்குக் கிடையாதா?"

அரைத்தூக்கம் ஒரு வார்த்தையும் எழுதாமல் வெளியேறிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கிளம்பினார்கள். டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பார்த்துப் பார்த்துக் கட்டிய குழு, நல்லது சொல்லப் போய்க் கண்முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. பதில் எழுத ஆரம்பிப்பதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போது குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. போட்டவர் உச்சிக்கிளை.

"வாளி மக்களே, மன்னிச்சிக்குங்க. பல்லு வீங்கி வாயைத் தொறக்க முடியாமப் போச்சு. போனை எடுத்தா நீங்கெல்லாம் பாடிட்டு இருப்பீங்க, நம்மால முடியலயேன்னு அழுகை வந்துடும். அதான் எடுக்கவே இல்ல. இன்னும் பாதி ஒதடு மரத்துதான் இருக்கு, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. ஈரத்துண்டு என்னைத் தேடல. என்கிட்ட எதையும் கேக்கவும் இல்ல. நானாப் போய் ஒரு எடத்துல அகப்பட்டேன். அவங்களுக்கு என் சறுக்கு தெரியும், எனக்கு அவங்க எதிர்ப்பாட்டு தெரியும். அவ்வளவுதான் நடந்துச்சு. அதுக்கு மேல அவங்களும் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன்."

அதன்பின் மரத்துப்போன உதட்டோடு குழாய்ப் பாட்டை ஓர் அடி பாடினார். சறுக்கு வரவேண்டிய இடத்தில் 'புஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது. அந்த 'புஸ்ஸ்'ஸைக் கேட்டு, சண்டை போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கெட் ராணி, "இவ்வளவு அழகா யாரும் சுருதி தப்பினதே இல்ல" என்று எழுதினாள். போனவர்கள் மூன்று பேருக்கும் நுரை தனிச்செய்தி அனுப்பி, எப்படியோ சமாதானம் செய்து திரும்பக் கூட்டிவந்தார்.

அடுத்த வாரம் அவர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. டாக்டர் கண்ணாடிக் குச்சியைக் கையில் எடுத்து, "வாயைத் தொறங்க" என்றாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் டாக்டர்."

"கேளுங்க."

"எப்பப் பாத்தாலும் துண்டு ஈரமாவே இருந்தா, நாத்தம் அடிக்காதா?"

டாக்டர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். முகமூடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிய பிறகு, "அடிக்கும். அதனாலதான் உச்சிக்கிளையில காயப் போடணும்" என்றாள். இப்போது அவர் சிரித்தார். ஒன்றும் புரியாத பெரியக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஊசியே போடல, அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் ஏறிடுச்சு" என்றார்.

மருந்து வைத்து அடைத்து முடிந்ததும் டாக்டர் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க அன்னைக்குத் தம்பியோட வந்தீங்களே. உங்களுக்கு முடியலன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவன்தானே தெனமும் என் காதுக்குள்ள இருக்கான். மேல இருக்கறவனுக்குக் கீழ ஒரு ஆளு வேணும் டாக்டர். நான் ஒரு மூச்சு மாத்தி விட்டாலும் அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"கீழ நெறைய பேர் வேலை பாப்பாங்கல்ல? எல்லார்கிட்டயும் வாக்கி டாக்கி இருக்குமே?"

"இருக்கும். ஆனா எனக்குச் சொல்றவன் அவன் ஒருத்தன்தான். எல்லாரும் ஆளுக்கொண்ணு சொன்னா நான் தூக்குறதா எறக்குறதா?"

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி அப்படியே நின்றாள். ஒருத்தர் போதும். அவ்வளவுதானே விஷயம்! நாற்பது பேருக்கும் எல்லாருடைய விவரமும் எதற்கு?

அன்றே குழுவில் எழுதினாள். இனிமேல் ஒவ்வொருவரும் குழுவில் தனக்குப் பிடித்த ஒரே ஒருவருக்கு மட்டும் தன் பெயரையும் எண்ணையும் கொடுத்து வைக்கலாம். அவர் 'கீழே ஒருத்தர்'. பாட்டு நின்றுபோனால் அவர் மட்டும் கூப்பிட்டு விசாரித்து, நலமா இல்லையா என்பதை மட்டும் குழுவுக்குச் சொல்வார். விருப்பம் இல்லாதவர்கள் கொடுக்க வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆச்சரியம், இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டன. அரைத்தூக்கம் பக்கெட் ராணிக்குக் கொடுத்தார். நுரை அரைத்தூக்கத்துக்குக் கொடுத்தார். உச்சிக்கிளை, "எனக்குக் கீழ ஒருத்தர் ஏற்கெனவே ஆயாச்சு" என்று எழுதிச் சிரித்தார். எல்லாரும் கொடுத்து முடித்த பிறகும் கொசுவலை மட்டும் அசையவில்லை. எல்லாருடைய எண்ணையும் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தவர், தன்னுடையதைக் கொடுக்கும் நேரம் வந்ததும் பதுங்கிவிட்டார். நாள்கள் போய், ஒருநாள் ஈரத்துண்டுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்.

"உங்களை நம்பிக் கொடுக்கிறேன். உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது."

கூடவே பெயரும் எண்ணும் வேலையும். டாக்டர் படித்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வண்டி ஓட்டும் உரிமத்துக்குப் பரீட்சை வைக்கிற அதிகாரி! பேரைக் கேட்டாலே ஊரே பயந்து பின்வாங்கும் மனிதர். அவளையே இரண்டு தடவை தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல், "அம்மா, எறங்குங்க" என்று சொன்ன வாய்தான் தினமும் இவ்வளவு இனிமையாகத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது.

"என் முன்னால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் பாடுவது தெரிந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள்" என்று அவர் எழுதியிருந்தார். "பயமில்லாமல் ஓட்டினால் இடித்துவிடுவார்கள்."

"யாருக்கும் தெரியாது ஐயா" என்று பதில் எழுதினாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். என்னை ரெண்டாவது தடவை ஏன் தோக்கடிச்சீங்க? நான் நல்லாத்தானே ஓட்டினேன்?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "நீங்க யாருன்னு தெரியலயே. பேரைச் சொன்னாத்தானே சொல்ல முடியும்?"

"விதி விதிதான்" என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

உச்சிக்கிளை மறுபடி கிரேன் ஏறியதைக் கொண்டாட, ஒரு விடுமுறைக் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் நேரலையில் வந்து குழாய்ப் பாட்டைப் பாடுவது என்று முடிவாயிற்று. முகம் கிடையாது, குரல் மட்டும். அவருக்கு விடுமுறை இல்லை. தேநீர் இடைவேளையில், கிரேனை நிறுத்திவிட்டு மேலிருந்தபடியே பாடுவதாகச் சொன்னார். டாக்டர் சமையலறையில் போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

ஆரம்பித்தார்கள். ஒருவர் குரல் முந்திக்கொண்டு வந்தது, இன்னொருவர் குரல் இரண்டு அடி பிந்தி வந்தது. சந்தைக்கடை மாதிரி ஒரே இரைச்சல். ஆனால் சறுக்கு வந்தபோது எல்லாரும் தானாகவே அடங்கி அவரை மட்டும் பாடவிட்டார்கள். உச்சியில் நின்று, அழகாக வழுக்கி இறங்கினார். குழு முழுக்க 'ஓ'வென்று கத்தியது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே கரகரவென்று ஒரு புதுக்குரல் கேட்டது. உச்சிக்கிளையின் போன் வழியாகத்தான் வந்தது.

"அண்ணே, இவ்வளவு நேரமும் நீங்க வாக்கி டாக்கி பொத்தானை அமுக்கிட்டே பாடியிருக்கீங்க. மொத்த சைட்டுக்கும் கேட்டுது."

குழு முழுவதும் கப்சிப்.

"ஐயோ, நிறுத்திடாதீங்கண்ணே! கம்பி கட்டுறவங்க எல்லாம் கம்பியிலயே தாளம் போட்டுட்டு இருக்காங்க. சூப்பர்வைசரே கால் ஆட்டுறாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும். முதல்ல ஆரம்பிச்சாங்களே, அந்த அக்கா, கொஞ்சம் சுருதி எறங்கிப் பாடுறாங்க."

குழுவில் இதுவரை ஒருவரும் ஒருவரிடம் சொல்லாத வார்த்தை அது. சமையலறையில் கத்திச் சத்தமும் நின்றது.

டாக்டர் போனைப் பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படியா தம்பி? எங்கேருந்து ஏத்தணும்?"

"மூணாவது அடியிலேருந்துக்கா. அங்கேதான் எறங்குது."

"நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் கணவன், வெங்காயக் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டே.

அவள் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாவது அடியிலிருந்து ஒரு படி ஏற்றி எடுத்தாள்.